தீராத வலியும் தெய்வ நம்பிக்கையும்

மலையகத்து ஆலயங்களில் திருவிழாக் காலம் பிறந்துவிட்டால் வலியும் ஒரு காணிக்கையாகி விடுகின்றது. நாவிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொள்ளும் அடியார்களையும், முதுகில் செடில் ஏற்றிக் காவடி எடுப்போரையும், பறவைக் காவடியில் தொங்கியபடி வீதி வலம் வருவோரையும், விரதமிருந்து தீக்குழியில் இறங்குவோரையும் நோர்வூட் பகுதித் தோட்டங்கள் ஆண்டுதோறும் காண்கின்றன. தப்பு முழங்குகின்றது. அரோகரா ஒலி மலையில் மோதித் திரும்புகின்றது. தள்ளாடினால் தாங்கிப் பிடிக்க இருபுறமும் ஆட்கள் நிற்கின்றனர். மஞ்சள் நீர் ஊற்றப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கின்றனர். சந்நிதியை அடைந்ததும் அலகு கழற்றப்படும், திருநீறு வைத்து அழுத்தப்படும். அந்த வலிக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. அதைக் கண்டு கைகூப்ப ஓர் ஊரே உண்டு.

அதே ஊரில், அதே லயத்தில், வேறொரு வலியும் வாழ்கின்றது. அதனை எவரும் நேர்ந்துகொள்ளவில்லை. அதற்குத் தப்பும் இல்லை, தாங்கிப் பிடிப்போரும் இல்லை. கழற்றி வைக்க அலகும் இல்லை. நரம்பு நோயினால் வருடக் கணக்காக வலி தாங்குவோரின் வலி அது. காவடி வலியைப் பக்தி என்று போற்றும் அதே வாய், இந்த வலியைச் சில வேளைகளில் சோம்பல் என்கின்றது, சில வேளைகளில் நடிப்பு என்கின்றது, வேறு சில வேளைகளில் வினை என்கின்றது. இம்மூன்றில் எதனைச் சொல்லும் உரிமை அயலவருக்கு உண்டு என்பதே இங்கு எழும் கேள்வி.

முதலில் இந்த வலி எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். காலில் முள் ஏறினால் நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கின்றது. முள்ளை எடுத்தால் செய்தி நின்றுவிடும். ஆனால் நரம்பே பழுதுபட்டால் நிலைமை வேறு. முள் இல்லாமலே முள் குத்திய செய்தி போய்க்கொண்டிருக்கும். முற்காலத்தில் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்து ஆட்களை எழுப்பினார்கள். வேலையே இல்லாத நாளில், நடுச்சாமத்தில், அடிப்பவர் எவருமின்றி அந்தத் தப்பு ஓயாமல் ஒலித்தால் எப்படியிருக்கும்? நரம்பு வலியும் ஏறக்குறைய அதுதான். நெருப்பில் வைத்தது போன்ற எரிவு, கரண்ட் ஷொக் அடித்தது போன்ற வெட்டு, எறும்பு ஊருவது போன்ற விறுவிறுப்பு, ஊசி குத்து எனப் பல வடிவில் அது வரும். சிலருக்குப் போர்வை உரசினாலே தாங்க முடியாது. பகலில் பொறுக்கக்கூடியதாயிருந்தது, இரவில் லயம் அடங்கிய பின் எழுந்து நிற்கும்.

இது பல வழிகளில் வருகின்றது. சீனி வருத்தம் நெடுநாள் கட்டுப்படாதிருந்தால் கால் விரல்களில் தொடங்கிக் காலுறை அணிந்தது போல மேலேறும். முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையேயுள்ள தட்டு விலகி நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை இழுக்கும். அக்கி மாறிப் புண் காய்ந்த பின்னும் அதே இடத்தில் மாதக் கணக்கில் எரிவு தங்குவதுண்டு. முகத்து நரம்பு நோய் ஒன்றிருக்கின்றது. சோறு மெல்லவும், முகம் கழுவவும், ஏன், காற்று படவுமே அஞ்ச வைக்கும். காலைப் பனியில் நனைந்து, படங்கு கட்டி, தலையில் மாட்டிய கூடைக் கயிறு கழுத்தை இழுக்க, சரிவில் கால் ஊன்றிக் கொழுந்து பறிப்பவருக்கு இவற்றில் எதுவொன்று வந்தாலும் அது அன்றாடச் சோற்றைத் தொடும் விடயமாகிவிடும்.

எப்படியென்றால், தோட்டத்தில் நாள் என்பது பெயரால் அளக்கப்படுகின்றது. 18 கிலோ, 20 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அளவு நிறுவையில் நிரம்பினால் முழுப் பெயர், நிரம்பாவிட்டால் அரைப்பெயர். விரல் மரத்துப்போனதையும் கால் எரிந்ததையும் தராசு அறியாது. வெட்டுக்காயம் பட்டவர் கட்டைக் காட்டலாம், காய்ச்சல்காரர் நெற்றியைக் காட்டலாம். நரம்பு வலிக்காரரிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எக்ஸ்ரே படத்திலும் நரம்பு தெரிவதில்லை. நரம்பின் ஓட்டத்தை அளக்கும் கருவி கூடப் பெரிய நரம்புகளையே அளக்கின்றது. எரிவை உணர்த்தும் நுண் நரம்புகள் பழுதுபட்டிருந்தால் அந்தச் சோதனையும் ஒரு குறையும் இல்லையென்றே சொல்லக்கூடும். “எல்லாம் சரியாத்தான் இருக்குதாம்” என்ற ஒரு வரியோடு வைத்தியசாலையிலிருந்து திரும்பும் ஒருவர், நோயோடு சேர்த்துப் பழியையும் சுமந்து வருகின்றார்.

இந்த அவநம்பிக்கை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்கள் சிலருக்குக் காயம் ஆறிய பின்னும் கையும் காலும் எரிந்துகொண்டேயிருந்தன. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே அவர்கள் நாட்களைக் கழித்தனர். வியர் மிட்செல் என்னும் வைத்தியர் அவர்கள் சொன்னதைப் பொறுமையோடு கேட்டு எழுதி வைத்தபடியால்தான் நரம்புக் காயத்தின் எரிவு என்ற ஒன்று வைத்திய நூல்களில் இடம் பிடித்தது. வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979 இல் வலிக்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. 2020 இல் அதனைத் திருத்தியபோது, வலி எப்பொழுதும் அவரவர்க்கே உரிய அனுபவம் என்றும், வலிக்கின்றது என்று ஒருவர் சொன்னால் அச்சொல் மதிக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்து எழுதியது. கருவிகள் இவ்வளவு பெருகிய காலத்திலும் வைத்திய உலகம் கடைசியில் வந்து நிற்குமிடம் நோயாளியின் வாய்ச்சொல்லில்தான் என்பது கவனிக்கத்தக்கது.

வலியென்று சொல்லி ஏமாற்றுவோர் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பொய் சொல்வோர் எங்கும் உண்டு. ஆனால் பொய்யர் ஒருவரை நம்பிவிட்டால் இழப்பு ஒரு நாள் வேலை. உண்மையாக வலிப்பவரை நம்பாவிட்டால் அவர் இழப்பது வேறு. அவர் அதன் பின் சொல்வதையே நிறுத்திவிடுகின்றார். வீட்டாரிடமும் வைத்தியரிடமும் சொல்லாமல், கடையில் வாங்கிய பனடோல் அட்டையோடு இரவைக் கழிக்கின்றார்.

இனி வினைக்கு வருவோம். சைவ நெறியில் வினைக் கொள்கை உண்டு என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அதனை யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்பதில்தான் சிக்கல். இதற்குத் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றைவிடச் சிறந்த இடம் இல்லை. மருணீக்கியார் என்னும் பெயரோடு பிறந்து, சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்று போற்றப்பட்டவருக்குச் சூலை நோய் வந்தது. அது வயிற்று நோயே அன்றி இன்று நரம்பு நோய் எனப்படுவதன்று. ஆயினும், பிறர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து வதைக்கும் வலி என்ற வகையில் இரண்டும் ஒன்றே. உடன் இருந்தோர் மந்திரித்தனர், மந்திர நீர் கொடுத்தனர், மயிற்பீலி கொண்டு தடவினர். தம்மால் ஆகாது என்று கைவிட்டனர். சமைத்துக் கொடுப்பவனைத் தமக்கையாரிடம் அனுப்பிப் பார்த்தும் அவர் அங்கு வர இசையாமையால், இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தாமே போய்த் தமக்கையாரின் காலில் விழுந்தார்.

திருவதிகையில் அவர் பாடிய முதற் பதிகத்தில், தாம் செய்த கொடுமைகளைத் தாமே அறியவில்லை என்று இறைவனிடம் முறையிடுகின்றார். வலி குடலைப் பற்றி முடக்குவதைச் சொல்லுகின்றார். தாங்க முடியவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுகின்றார். வினையைப் பற்றிய கேள்வி அங்கே வலியை அனுபவிப்பவரின் வாயிலிருந்து, இறைவனை நோக்கி எழுகின்றது. திலகவதியார் என்ன செய்தார்? சேக்கிழார் சுவாமிகள் காட்டும் திலகவதியார், பரசமயக் குழியில் விழுந்ததை ஒரே ஒரு சொல்லில் தொட்டு, அதையும் ‘அறியாமல்’ நேர்ந்ததாகவே கூறி, அரிய துயரில் உழன்றவரே எழுந்திரும் என்கின்றார். வாசலில் வைத்து விசாரணை நடத்தவில்லை. திருநீறு கொடுத்தார். விடியற்காலத்தில் திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துத் திருப்பணிக்குப் புறப்பட்டபோது தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். நோயுற்றவரைச் சந்நிதிக்கு அழைத்துப் போவது என்பது அங்கு அவ்வளவு சாதாரணமாக, வீட்டு வேலையோடு வேலையாக நடக்கின்றது.

பதிகம் பாடியதும் சூலை நீங்கிற்று என்பது வரலாறு. வயிற்று வலி வந்தால் அப்பதிகத்தை ஓதும் வழக்கம் இன்றும் சைவ வீடுகளில் உண்டு. இங்குதான் ஒரு நுட்பமான கொடுமை நுழைந்துவிடுகின்றது. பதிகம் ஓதியும், நேர்த்தி வைத்தும், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றியும் வலி போகாதவர் இருக்கின்றார் அல்லவா? அவரைப் பார்த்து, உன் பக்தியில் குறை என்று சொல்லிவிடுகின்றார்கள். நோய் வந்ததற்கு ஒரு குற்றம், போகாததற்கு இன்னொரு குற்றம் என்று இரண்டு குற்றங்கள் அவர் தலையில். அப்பர் சுவாமிகளின் அற்புதத்தை இன்னொருவரை அடிக்கும் தடியாக்குவது அப்பருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கேரளத்து மேல்புத்தூர் நாராயண பட்டத்திரியின் வரலாறு இதனை வேறு விதமாகக் காட்டுகின்றது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாத நோயால் கைகால் முடங்கிய நிலையில் குருவாயூர்ச் சந்நிதியில் இருந்து அவர் நாராயணீயம் என்னும் வடமொழித் தோத்திர நூலைப் பாடினார். நூறு தசகங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்கள். நாளுக்கொரு தசகமாக நூறு நாளில் பாடி முடித்தார் என்பர். தசகந்தோறும் பெரும்பாலும் முடிவில் ஒரே வேண்டுதல் வருகின்றது: என் நோயைத் தீர்த்தருள்க. முதல் நாள் கேட்டதையே ஐம்பதாம் நாளும் கேட்கின்றார், தொண்ணூறாம் நாளும் கேட்கின்றார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது பக்திக் குறைவு என்று எவரும் அவரைச் சொல்லவில்லை. இன்னொன்று: அந்த நோய் அவருடையதே அன்று; தம் குரு அச்சுத பிஷாரடியின் நோயைக் குரு தட்சணையாகத் தாம் வாங்கிக்கொண்டார் என்பது அங்குள்ள ஐதீகம். ஐதீகத்தை எந்த அளவுக்கு ஏற்றாலும் சரி, ஒருவர் உடம்பில் நோயைக் கண்டவுடன் இது இவர் செய்த பாவம் என்று தீர்ப்பெழுத முடியாது என்பதையாவது அது ஒப்புக்கொள்கின்றது.

பாவம் என்று தீர்ப்பெழுதப்பட்ட நோய்களில் தொழுநோயே முதலிடம் பெறும். அதுவும் அடிப்படையில் நரம்பைத் தாக்கும் நோய்தான். இலங்கையில் ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தளையில் இதற்கென வைத்தியசாலை அமைத்து நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்தனர். 1873 இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் அந்நோயின் கிருமியைக் கண்டார். இன்று கூட்டு மருந்தினால் அது மாற்றப்படுகின்றது. கிருமியைக் காண்பதற்கு முன் எத்தனை தலைமுறை மனிதர்கள், தாம் செய்யாத பாவத்துக்கு ஊரால் தண்டிக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கின்றது.

ஆகவே வினையைப் பற்றி எண்ணும் உரிமை வலிப்பவருக்கு உண்டு. இறைவனிடம் அதைப் பேசும் உரிமையும் உண்டு. அயலவருக்கு உள்ளது வேறொன்று. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, வைத்தியம் என்பதை நான்காகப் பகுக்கின்றார். நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல் அருகிருந்து பார்ப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கின்றார். உடனிருப்பது உபசாரம் அன்று. மருந்தின் ஒரு கூறு. இதற்குப் புதிய விஞ்ஞானமும் ஒத்துப் போகின்றது. 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்னும் இருவர் வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் ஒரு வாசல் இருப்பதாகக் கொள்கை வகுத்தனர். அடிபட்ட இடத்தைத் தடவினால் நோவு குறைவது ஏன் என்பதற்கு அது விளக்கம் தந்தது. பயமும் கவலையும் வலியைக் கூட்டும் என்பதும், மன ஆறுதல் அதைக் குறைக்கும் என்பதும் பின்வந்த ஆய்வுகளில் உறுதிப்பட்டன. இதனால் வலி மனத்தில்தான் இருக்கின்றது என்று பொருளல்ல. நம்பப்படாத வலி கூடுதலாக வலிக்கின்றது என்பதே பொருள்.

அருகிருப்பவரின் களைப்பையும் மறந்துவிடலாகாது. வருடக் கணக்கில் இரவில் எழுந்து கால் பிடித்துவிடும் மனைவிக்கும், தாயின் வேலையையும் சேர்த்துச் செய்யும் மகளுக்கும் சலிப்பு வரத்தான் செய்யும். ஒரு நாள் வாய் தவறிச் சுடுசொல்லும் வரும். பெற்றோரையும், மணம் பேசப்பட்ட கலிப்பகையாரையும் இழந்து, தம்பிக்காகவே உயிர் தாங்கிய திலகவதியாரின் சுமையும் சிறிதன்று. காவடி எடுப்பவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் மாற்றி ஆள் வருகின்றார்கள்; வீட்டில் மாற்றாள் இல்லை. ஒரு மாலை நேரம் அயல் காம்பராவிலிருந்து ஒருவர் வந்து இருந்தால், அந்த வீட்டுப் பெண் பீலிக்கரைக்குப் போய் நிம்மதியாகக் குளித்துவிட்டு வருவாள்.

மருந்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கின்றது. நரம்பு வலிக்குச் சாதாரண நோ மாத்திரை அதிகம் உதவுவதில்லை. பனடோலை அளவு மீறி விழுங்கினால் ஈரல் கெடும்; டைக்குளோபினக் போன்றவற்றை நாள்தோறும் எடுத்தால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வைத்தியர்கள் கொடுப்பது கபாபென்டின், பிரிகபாலின், கார்பமஸெபின், அமிட்ரிப்டிலின் போன்றவை. இவற்றிற் சில வலிப்பு நோய்க்கும் சில மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவன. துண்டைப் படித்த படித்த பிள்ளை ஒன்று, இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மருந்து என்று சொல்லிவிட, அத்தோடு மருந்தை நிறுத்துவோர் உண்டு. குழம்பிய நரம்புச் செய்தியை அடக்கும் தன்மை அவற்றுக்கு இருப்பதாலேயே அவை கொடுக்கப்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென நிறுத்துவதும் தீங்கு. முழுவதும் மாற்றிவிடுவதுமில்லை, பலருக்கு வலியைக் குறைத்து நித்திரையைக் கொடுக்கின்றன. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு விடியற்காலையிலேயே போய்க் கிளினிக் வரிசையில் நிற்பது அரைநாள் சம்பளத்தைத் தின்றாலும், கிளினிக் கொப்பியை மடித்து வைத்துவிடுவது நல்லதன்று.

விரதமும் நேர்த்தியும் எடுப்போர் ஒன்றைக் கருத்திற் கொள்வது நலம். சீனி வருத்தத்தால் நரம்பு கெட்ட காலில் எரிவு இருக்கும். அதே காலில் சூடு தெரியாமலும் இருக்கும். ஒரே காலில் இரண்டும் எப்படி என்று வியக்கலாம். அதுதான் அந்நோயின் விசித்திரம். அத்தகைய காலோடு தீக்குழியில் இறங்கினால் சுட்டதே தெரியாது. மறுநாள் கொப்புளம் கண்டு, அது புண்ணாகி, விரலை இழக்கும் நிலைக்குப் போகலாம். வைத்தியர் சொல்லைக் கேட்டுத் தீமிதியைத் தவிர்த்துப் பால்குடம் எடுப்பதால் அம்பாள் கோபிக்கப் போவதில்லை. வருடம் முழுவதும் ஒவ்வோர் இரவும் தீயில் நடப்பவரிடம் அவள் மேலும் ஒரு தீமிதியைக் கேட்பாளா என்ன?

சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு நெடுநோயாளருக்கு அப்பர் வரலாற்றைக் காட்டிலும் நெருக்கமானது என்றே சொல்லலாம். சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் கொடுத்த வாக்கை மீறியதால் அவர் இரு கண்களையும் இழந்தார். அங்கே காரணம் வெளிப்படை, குற்றமும் அவருடையதே. அப்படியிருந்தும் இறைவன் அவரைக் கைவிடவில்லை. ஒரே நாளில் குணமாக்கவுமில்லை. திருவெண்பாக்கத்தில் முறையிட்டபோது கிடைத்தது கண் அன்று, ஒரு கோல். ஊன்றி நடக்க ஒரு கோல் மட்டும். அதனைப் பிடித்துக்கொண்டு, வழியில் உள்ள தலங்களைப் பாடியபடி, காஞ்சிக்கு வந்தார். ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. அதன் பின்னும் உடம்பில் நோய் வந்து, திருத்துருத்தியில் குளத்தில் மூழ்கியே அது நீங்கிற்று. திருவாரூர் சேர்ந்த பின்புதான் வலக்கண். இடையில் அவர் பாடியவை எல்லாம் பணிவான பாடல்களும் அல்ல. அடியார் கண் தெரியாமல் அலையும்போது நீர் மட்டும் நன்றாக வாழும் என்ற கருத்தில், இறைவனையே இடித்துரைக்கின்றார். அந்தப் பாடல்களும் திருமுறையில்தான் இருக்கின்றன. அவற்றையும் ஓதுவார்கள் பண்ணோடு பாடுகின்றார்கள். வலி தாங்காமல் அம்மன் படத்தின் முன் கோபித்துப் பேசும் ஒருவரைப் பார்த்து, சாமியைத் திட்டாதே என்று அடக்குபவர்கள் சுந்தரரை ஒரு முறை ஓதிப் பார்க்கலாம்.

நரம்பு மருந்தும் கைத்தடியும் இடுப்புப் பட்டியும் இலேசான வேலைக்கு மாற்றிக் கொடுக்கும் கங்காணியின் மனமும் திருவெண்பாக்கத்துக் கோலைப் போன்றவையே. கண் கிடைக்கவில்லையே என்று கோலை எறிந்துவிட்டிருந்தால் சுந்தரர் காஞ்சிக்கு வந்திருக்க முடியாது.

சுவாமி வீதியுலா வருவது, கோயிலுக்கு வர இயலாதோரைத் தேடிச் சென்று காட்சி தருவதற்காக என்று பெரியோர் சொல்வர். தேர் லயத்துக்கு முன்னால் வரும்போது ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடமும் விளக்கும் வைத்து அர்ச்சனைத் தட்டோடு நிற்கின்றார்கள். சில இஸ்தோப்புகளில் ஒருவர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார். எழுந்து நில் என்று யாராவது பின்னாலிருந்து சொல்வார்கள். அவரும் சுவரைப் பிடித்து எழப் பார்ப்பார். அந்த வாசலில் தேரைச் சற்றுக் கூடுதலாக நிறுத்தி, ஐயர் கீழே இறங்கி வந்து, இருந்த இடத்திலேயே தீபத்தைக் காட்டித் திருநீற்றைப் பூசிவிட்டுப் போவதற்கு ஆகமத்தில் எந்தத் தடையும் கிடையாது.